வீக்கம் நமக்கு விரோதியா?



குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு கைக்குழந்தைக்காரி கடிதம் போட்டிருக்கிறாள். "அக்கா, ஆறாவது வாரத்து ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். சாயங்காலத்துக்குள் தொடை சிவந்து, தடித்து, தொட்டால் சுடுகிறது. லேசாகக் கை பட்டாலே வீல் என்று கத்துகிறான். அந்தக் காலை அசைக்கவே மாட்டேன் என்கிறான். 'இந்த ஊசி பிள்ளைக்கு ஒத்துக்கல, அடுத்ததைப் போடாதே' என்று மாமியார் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறாள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே அம்மா! ஊசி போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் சிவந்து வீங்குவது ஊசியின் கோளாறும் அல்ல, போட்ட நர்ஸம்மாவின் கோளாறும் அல்ல. பத்தாவது வாரத்திலும் பதினாலாவது வாரத்திலும் போட வேண்டியதை நிறுத்தவே நிறுத்தாதே. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி என்று பிள்ளைகளை வாரிக்கொண்டு போன வியாதிகளுக்கான ஊசி அது. தொடையில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வை. தேய்க்காதே, எண்ணெய் தடவாதே, சூட்டு ஒத்தடம் கொடுக்காதே. காய்ச்சல் இருந்தால் சுகாதார நிலையத்தில் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் கொடு. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, பிள்ளை சமாதானமே ஆகாமல் மணிக்கணக்கில் அழுதாலோ உடனே கொண்டுபோய்க் காட்டு.

பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியும் இப்படித்தான். சில வாரம் கழித்து அந்த இடத்தில் சின்னதாகத் தடித்துக் கிளம்பும். புண்ணாகி, ஆறி, தழும்பாகும். அதற்குக் களிம்பும் வேண்டாம், கட்டும் வேண்டாம். சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

சரி, இந்த வீக்கம் என்பது என்ன? அடிபட்டாலும் வீக்கம், சுட்டுக்கொண்டாலும் வீக்கம், தேள் கொட்டினாலும் வீக்கம். வீங்கிய உடனே அதை எப்படியாவது அமுக்கிவிட வேண்டும் என்று நாமும் கையில் கிடைத்ததை எடுத்து அப்புகிறோம். வீக்கம் நமக்கு விரோதியா, சிநேகிதியா என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா? நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். என் மகள் நர்ஸிங் படிக்கிறாள். அவள் பாடம் படிக்கும்போது நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே "அதைத் தமிழிலே சொல்லேன்டி" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டாக்டர்கள் இதை அழற்சி என்கிறார்கள். அழல் என்றால் நெருப்பு. இதற்கான இங்கிலீஷ் வார்த்தையும் லத்தீனில் நெருப்பு மூட்டுவது என்ற அர்த்தத்திலிருந்து வந்ததுதானாம். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் இதற்கு நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. பின்னால் வந்தவர்கள் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த உறுப்பு வேலை செய்ய மறுக்கும் என்பது அது. இப்போது மேலே அந்தப் பெண்ணின் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஐந்தையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள்! பிள்ளை பெற்றவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காரியமாக, வெட்டுப்பட்ட ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்குகின்றன. தட்டணுக்கள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கின்றன. டெங்கு வந்தால் 'எண்ணிக்கை குறைந்துவிட்டது' என்று பயப்படுகிறோமே, அதே தட்டணுக்கள்தான். அதன் மேல் நூல் வலை பின்னின மாதிரி ரத்தம் உறைகிறது. இதெல்லாம் சில நிமிஷத்து வேலை.

அதற்கப்புறம்தான் அழற்சி ஆரம்பிக்கிறது. காயம்பட்ட இடத்தில் காவல் இருக்கும் சில அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைக் கொட்டுகின்றன. உடனே சுற்றியுள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. ரத்தம் ஜாஸ்தியாக வருகிறது. அதனால்தான் சிவப்பு, அதனால்தான் சூடு. குழாய்களின் சுவரில் இடுக்கு விழுந்து, நீரும் புரதமும் வெளியே கசிகின்றன. அதுதான் வீக்கம். கசிந்தது நரம்பை அழுத்துகிறது. பிராஸ்டகிளாண்டின் என்ற இன்னொரு பொருள் நரம்பு முனைகளைக் கூச வைக்கிறது. அதுதான் வலி. வலிப்பதால் நாம் அந்த விரலை மடக்காமல், பாத்திரம் தேய்க்காமல் ஒதுக்கி வைக்கிறோம். அதற்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது!

தெருவில் ஒரு கூரை வீடு தீப்பிடித்துக்கொண்டால் என்ன ஆகிறது? தெருவே கூடுகிறது. வாசல் கதவு, கொல்லைக் கதவு எல்லாம் திறக்கிறது. ஆளுக்கொரு குடம் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கூச்சல், நெரிசல், முழங்கால் வரை சேறு. அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இத்தனை பேர் வந்து வாசலைக் கெடுத்துவிட்டார்களே" என்று யாராவது திட்டுவோமா? வீக்கம் அந்தச் சேறு மாதிரி. உதவிக்கு வந்தவர்கள் வந்துபோன அடையாளம்.

வருகிறவர்கள் யார் தெரியுமா? வெள்ளை அணுக்கள். இவற்றின் வேலையைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. 1882ம் வருஷம். இலியா மெக்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலியில் சிசிலித் தீவில் மெசினா என்ற கடலோர ஊரில் குடியிருந்தார். கண்ணாடி போல உடம்புக்குள் இருப்பதெல்லாம் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் தோட்டத்திலிருந்து ரோஜா முள்ளைப் பறித்து வந்து அந்தக் குஞ்சுகளின் தோலுக்குள் செருகி வைத்தார். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நம் காலில் முள் குத்தினால் அதைச் சுற்றி வெள்ளை அணுக்கள் சேர்வதும் இதே வேலைதான், வேண்டாததை விழுங்கித் தீர்க்கவே அவை வருகின்றன என்று அவர் சொன்னார். முதலில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1908ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முள் குத்திய காலோடு நாளெல்லாம் நடக்கிற நமக்கு, ஒரு முள்ளுக்குள் நோபல் பரிசு இருந்தது தெரியாமல் போயிற்றே!

காயம்பட்ட சில மணி நேரத்துக்குள் முதல் படை வந்துவிடுகிறது. அவை கிருமியைத் தின்று தாமும் சாகும் அணுக்கள். அவை செத்துச் சேர்ந்ததுதான் சீழ். ஒன்றிரண்டு நாளில் இன்னும் பெரிய அணுக்கள் வந்து, செத்த கிருமி, செத்த அணு, கிழிந்த சதை எல்லாவற்றையும் கூட்டி அள்ளுகின்றன. அள்ளி முடிக்கும்போதே, "இனிமேல் கட்டலாம்" என்று கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புவதும் இவைதான். அப்புறம் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ரோஸ் நிறத்தில், தொட்டால் ரத்தம் துளிர்க்கும் புதுச்சதை வளர்கிறது. கொலாஜன் என்ற நார் பின்னிப் பின்னித் தழும்பாகிறது. மேலே தோல் மூடின பிறகும் உள்ளே வேலை மாதக்கணக்கில் நடக்கும். மூன்று மாதம் ஆனாலும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்ப வருமாம். அதனால்தான் ஆபரேஷன் ஆனவர்களை, "தையல் பிரித்தாயிற்றே என்று குடம் தூக்காதே" என்று டாக்டர் சொல்கிறார்.

ஆக, வீக்கம் விரோதி அல்ல. அப்படியானால் நாம் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? இல்லை. வந்தவர்கள் வேலை செய்ய வசதி செய்து கொடுப்பதுதான் நம் வேலை.

தீக்காயம் என்றால் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம் காட்டுங்கள். இரண்டு நிமிஷம் காட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. உள்ளே இறங்கிய சூடு மேலும் சதையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ஐஸ் கட்டி வேண்டாம். இங்க், பற்பசை, இட்லி மாவு, வெண்ணெய் எதையும் அப்பக் கூடாது. டாக்டர் அதை வழித்தெடுக்கும்போது பிள்ளை படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் இன்னொரு தரம் அப்ப மாட்டார்கள். கையில் சுட்டுக்கொண்டால் வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதற்குள் இருப்பதும் கசிந்து வந்த அந்த நீர்தான். முகம், கை, மூட்டு, மறைவான இடம் ஆகியவற்றில் பட்டாலோ, பச்சைக் குழந்தைக்குப் பட்டாலோ, சின்னதாக இருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கால் பிசகிவிட்டால் உடனே எண்ணெய் போட்டு உருவுவதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுப்பதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். கிழிந்த நாரை இன்னும் கிழிக்கிற காரியம் அது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒரு பத்து, பதினைந்து நிமிஷம் வைத்தால் வலி குறையும். 1978ல் இந்த ஐஸ் வைத்தியத்தைப் பிரபலப்படுத்திய கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டரே, ஐஸ் வலிக்கு நல்லதே தவிர நெடுநேரம் வைத்தால் ஆறுவது தாமதப்படலாம் என்று 2014ல் எழுதினார். அதனால் அளவோடு வையுங்கள். முதல் இரண்டு நாள் சூட்டு ஒத்தடம் வேண்டாம். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது.

"மஞ்சள்?" என்று கேட்பீர்கள். மஞ்சளை நான் விட்டுக்கொடுப்பேனா? 1995ல் அமெரிக்காவில், புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக் காப்புரிமை வழங்கிவிட்டார்கள். நம் பாட்டிமார்கள் காலங்காலமாகச் செய்ததற்கு யாரோ உரிமை கொண்டாடுவதா என்று நம் நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி, பழைய ஏடுகளை எடுத்துக் காட்டி, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கிறது என்று சோதனைச்சாலைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அஞ்சறைப் பெட்டியில் எத்தனை கை பட்டதோ, எந்தக் கடையில் என்ன கலந்ததோ, அந்தப் பொடியைத் திறந்த புண்ணில் கொட்டுவது வேறு விஷயம். தோல் கிழியாத அடிக்குப் பற்றுப் போடுங்கள். வெட்டுக்காயத்துக்குச் சுத்தமான தண்ணீரும் சோப்பும்தான் முதல் மருந்து.

இன்னொன்று. புண்ணைக் காற்றாட விட்டால்தான் காயும் என்பார்கள். 1962ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஈரம் காயாமல் மூடி வைத்த புண்ணில், காய விட்ட புண்ணைவிட வேகமாகத் தோல் மூடியது. எனவே கழுவி, சுத்தமான கட்டுப் போட்டு, கட்டு நனைந்தால் மாற்றுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். அடியில் வளரும் புதுத்தோலும் கூடவே வந்துவிடும். மண் பட்ட காயம், ஆணி குத்தின காயம் என்றால் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஒரு வார்த்தை. பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து, சுட்டு, கல்லாக வலிப்பதும் இதே அழற்சிதான். பாட்டி வந்து அழுத்திப் பிசைந்து விடுவாள். அது திசுவை இன்னும் நோகடிக்கும். குளிர்ந்த துணி வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வழக்கம்போலப் பால் கொடுத்து வாருங்கள். பால் கெட்டுப்போகவில்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாளில் தணியாவிட்டாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971ல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்தார். நரம்பைக் கூச வைக்கும் அந்தப் பிராஸ்டகிளாண்டினை உடம்பு தயாரிக்காமல் அது தடுத்துவிடுகிறது. 1982ல் இதற்காக அவருக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரையும் காப்பாற்றுகிறது. அதனால்தான் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. டெங்குவோ என்று சந்தேகப்படும் காய்ச்சலில் ஆஸ்பிரினும் ஆகாது, ஐபுபுரூபனும் ஆகாது. ரத்தக் கசிவு வந்துவிடும்.

இவ்வளவு நேரம் வீக்கத்துக்காகவும் வலிக்காகவும் வக்காலத்து வாங்கினேன். அதற்குக் காரணம் உண்டு. என் மாமியாருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் கூடத்தைத் துடைக்கும்போது, பூஜை அறையிலிருந்து அடுப்பங்கரை வரை தரையில் வட்ட வட்டமாகக் கறை. "அத்தை, காலைக் காட்டுங்க" என்றேன். உள்ளங்காலில், சுண்டு விரலுக்குக் கீழே புண். அதற்குள் ஒரு உடைந்த ஊக்கு. அது குத்தி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் காலோடுதான் தினமும் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார். சர்க்கரை நரம்பை மரத்துப்போக வைத்துவிட்டது. வெள்ளை அணுக்களையும் மந்தமாக்கிவிட்டது. தீப்பிடித்தும் தெருவில் யாரும் எழுந்திருக்கவில்லை.

காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அறுபத்தெட்டு வயசு வரைக்கும் எத்தனையோ வலியை வேண்டாம் வேண்டாம்னு சாமிகிட்ட கேட்டிருக்கேன். இந்த ஒரு வலியைக் குடுத்திருந்தா, அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருப்பேன்ல?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருப்பார். மாமனாரோ, உங்கள் அம்மாவோ, ஏன், நீங்களேகூட இருக்கலாம். ராத்திரி படுக்கப் போகுமுன் இரண்டு உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குத் தரையில் ஒரு கண்ணாடியை வைத்தால் தெரியும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள். மகளோ மருமகளோ இரண்டு நிமிஷம் ஒதுக்கினால் போதும். எங்கள் வீட்டில் இப்போது தினமும் ஒன்பது மணிக்கு இது நடக்கிறது. அத்தை கூச்சப்படுவதை விட்டுவிட்டார்.

மற்றவர்களுக்கு எப்போது கவலைப்பட வேண்டும்? வீக்கமும் வலியும் மூன்றாம் நாளிலிருந்து குறைய வேண்டும். குறையாமல் கூடினால், சிவப்பு விளிம்பைத் தாண்டிப் பரவினால், காயத்திலிருந்து மேல் நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், நாற்றமடிக்கும் சீழ் வந்தால், காய்ச்சல் கண்டால், நாட்டு மருந்து போட்டுக்கொண்டு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், மறுநாள் பரவியிருக்கிறதா இல்லையா என்று சண்டை போடாமல் தெரிந்துகொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்தப் பக்கத்துக்கு அழகில்லை. புண் ஆறும் நாளில் "முட்டை ஆகாது, பருப்பு ஆகாது, சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் போடுவார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டுச் செங்கல் கொடுக்காமல் இருப்பது போன்றது அது. புதுச்சதைக்குப் புரதம்தான் செங்கல். பருப்பு, முட்டை, மீன், சுண்டல் என்று அவரவர் வீட்டு வழக்கப்படி கொடுங்கள். கொலாஜன் நார் பின்னுவதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஆறிப்போன பழைய புண்கூட மறுபடி திறந்துகொண்டது. நமக்கு என்ன குறை? ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம் போதும்.

கடைசியாக, ஒரு தகர டப்பாவில் இவற்றைப் போட்டுச் சமையலறை அலமாரியில் வையுங்கள்: சுத்தமான காஸ் துணி, பிளாஸ்திரி, கிரேப் பேண்டேஜ், சின்னக் கத்தரிக்கோல், சோப்பு, ஒரு பேனா. மூடியின் உட்பக்கம் குடும்ப டாக்டரின் போன் நம்பரையும், வீட்டில் யார் யாருக்கு டெட்டனஸ் ஊசி எந்த வருஷம் போட்டது என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த இதழில், வளரும் பெண் பிள்ளைகளின் ரத்தசோகையைப் பற்றிப் பேசுவோம். உங்கள் வீட்டு அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.